எல்லா காருக்கும் ஒரே பூட்டு

9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் லேட். தேர்வாய் கண்டிகை ஃபேக்டரி சேரும்போது ஏழே கால்.

சின்ன கார், நடு கார், பெரிய கார். மூன்றுக்கும், சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் பூட்டைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தோம். இன்று முதல் மூன்றுக்கும் சின்ன காரின் பூட்டே. சூப்பர்வைசர் முரளி சார்: "மூணு அச்சு இன்னாத்துக்கும்மா? மேல கவரு வேற, கலரு வேற. உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கப் போறான்?"

நான் பார்ப்பேனே. செக்கிங்தானே என் வேலை. பெரிய சீட்டில் மாட்டி இழுத்தேன். பத்தில் இரண்டு நழுவியது. பழுது என்று அட்டை எழுதிக் கட்டி, கழித்ததைப் போடும் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

10, செவ்வாய்
பெட்டி காலி. நேற்றைய செக்கிங் தாளில் பழுது என்று நான் எழுதிய 2, 0 ஆகியிருக்கிறது. வேறு பேனா.

"நீதான் சரியா மாட்டல. பேஜாரு பண்ணாதம்மா." முரளி சார் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏன் சிரிக்க வேண்டும்?

பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று ஸ்டெல்லாவிடம். ஆறு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை.

11, புதன்
கேஸ் புக் பண்ண வேண்டும். சின்னவளுக்கு இருமல் மருந்து.

ஸ்டெல்லா சாப்பிட வரவில்லை. முரளி சார் ரூமில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், "லீவு கேட்டேன்டி." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நம்பவில்லை.

12, வியாழன்
கார் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஆடிட்டர் வருகிறார். உடனே என்னை ஸ்டோருக்கு அனுப்பினார் முரளி சார். "அங்க லேபிள் ஒட்டிக்கினு இரு."

அரை மணி ஒட்டினேன். வேலை போனால் போகட்டும் என்று திரும்பி வந்தேன். அதற்குள் ஸ்டெல்லா ஆடிட்டர் முன்னால். சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு பூட்டு எடுத்தாள். என் கையெழுத்து அட்டையோடு. "பெரிய சீட்ல மாட்டி, நீங்களே உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தார். முதல் தடவை சாய்மானம் நின்றது. அடுத்த தடவை மல்லாந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பெரிய காருக்குப் பழைய பூட்டே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"முரளி சாரு அன்னிக்கே ஸ்கிராப்ல போட சொன்னாருடி. நான் ஊட்டுக்கு எட்துகினு போய்ட்டேன். நேத்து ரூமுக்குக் கூப்ட்டு, ஆடிட்டர் முன்னாடி வாயத் தொறக்காதன்னாரு, தலையாட்டி வச்சேன். உங்கிட்ட சொன்னா அன்னிக்கே சண்டைக்கு நிப்ப."

"உன்னத்தான்டி சந்தேகப்பட்டேன்."

"தெரியும். மூஞ்சிலயே எழுதி இருந்துச்சு."

13, வெள்ளி
என் மேஜையில் புதுப் பெண். ஸ்டெல்லாவை நெடியடிக்கும் பெயின்ட் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆபீஸ் மேடம், "எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும்மா, அவ்ளோதான்."

முரளி சார் டீ வாங்கி வைத்தார். குடிக்கவில்லை.

என்னையும் பெயின்ட்டிலேயே போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படிக்காமலே தாளைக் கவிழ்த்து வைத்தார்.