ஜனவரியில் பொங்கிய மாவு

என் மாலதிக்கு,

முதலில் சேதி. நம்ம பெட்டி ஜெயித்துவிட்டது! கராஜில் கூரை வரை அடுக்கியிருந்த இருநூறும் போயாச்சு. இப்போது கார் உள்ளே நிற்கிறது, நம்புவாயா?

இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படிதான் போடுகிறேன்; கூட நின்று படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நியூ ஜெர்சி குளிரில் இட்லி மாவு பொங்காது. ஓவனுக்குள் லைட்டைப் போட்டு, மாவை வைத்து, சாமியை வேண்டிக்கொள்வோம். அதற்காகவே தோழிகள் நாம் இரண்டு பேரும் ஒரு சூட்டுப்பெட்டி செய்தோம். வெஸ்ட் வின்ட்சரில் என் வீட்டு கராஜ்தான் கம்பெனி.

நானோ நல்ல சேதியை உறுதியாகும்வரை வெளியே விடாத வீட்டில் பிறந்தவள். கிரீன் கார்டு வந்ததைக்கூட மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னேன். பெட்டியையும் அப்படியே பொத்திப் பொத்தி வைத்தேன். ‘ஸ்டெல்த் மோடு’ என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் வேறு.

"கண்ணு பட்டா எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுக்கலாம்டீ. யாருக்குமே தெரியலன்னா அதுக்கு என்னத்தைச் சுத்திப் போடுவ?" என்று கேட்டாய்.

சரியென்று பத்திரிகைகளுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ‘பிரெசிஷன் தெர்மல் ஃபெர்மென்டேஷன்’ என்று தொடங்கி இரண்டு பக்கம். ஒருத்தரும் பதில் போடவில்லை. நீ அதைப் படித்துவிட்டு, "இதை நீயே முழுசா படிப்பியா?" என்றாய். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினாய்: ஜனவரியிலும் மாவு பொங்கும்.

ஊருக்கெல்லாம் சொல்லு என்ற நீ, உன் நோயை மட்டும் ஏன் எனக்குக் கடைசி வாரத்தில் சொன்னாய்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ போய் ஆறு மாதம் நான் கராஜ் பக்கமே போகவில்லை. பிறகு உன் மகள் நிலாதான் ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை அங்கிளிடம் பேசி, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வாசலுக்கு உள்பக்கம் ஒரு மேஜை போட இடம் வாங்கினாள். அந்த சனிக்கிழமையும் யாரும் கேட்காவிட்டால் கம்பெனியை மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை, வழக்கம்போல.

ஆட்களுக்குக் காட்ட முந்தின ராத்திரியே ஒரு பெட்டியில் மாவு வைத்தேன்; பயத்தில் பாத்திரம் நிறைய ஊற்றிவிட்டேன் போல. பதினோரு மணிக்குப் பெட்டியின் மூடி தானாக எழும்பியது. மாவு வழிந்து, மேஜையில் ஓடி, என் பழைய இரண்டு பக்கக் குறிப்பை அச்சடித்து வைத்திருந்த காகிதங்களையெல்லாம் நனைத்தது. மானம் போச்சு என்று துணியை எடுத்தேன். நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, டோன்ட் வைப் இட்! லீவ் இட்!"

கொத்தமல்லிக் கட்டோடு போன ஒரு ஆன்ட்டி நின்றார். "ஜனவரியில இப்படி வழியுதா? என்னம்மா போட்டீங்க உள்ள?"

வாயைத் திறந்தேன். இரண்டு பக்கமும் மறந்துபோயிற்று. உன் ஒரு வரிதான் வந்தது. "ஜனவரியிலயும் மாவு பொங்கும் ஆன்ட்டி. இந்தப் பெட்டியில வச்சா."

அவர் அங்கிருந்தே தங்கைக்கு வீடியோ கால் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வழிந்த மாவை போனில் ஊர் ஊராகக் காட்டினார்கள், மாலதி! கொண்டுபோன எட்டுப் பெட்டியும் இரண்டு மணிக்குள் தீர்ந்தது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, ஏன் இதைச் செய்தீர்கள் என்று கேட்டாள். நீ இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கல்லாட்டம் வந்த இட்லியைச் சுவரில் அடித்துவிட்டு அழுத கதையைச் சொன்னேன். அரைப் பக்கம் போட்டார்கள். வாட், டிகிரி ஒன்றும் அதில் இல்லை. உன் படம் இருக்கிறது. மிச்சப் பெட்டிகள் அதைப் பார்த்துத்தான் போயின.

வாங்கிய ஒவ்வொருவரையும் நீ சொன்னபடியே கூப்பிட்டு, "மாவு பொங்குச்சா?" என்று கேட்கிறேன். ஒருவர் பொங்கவில்லை என்றார். போய்ப் பார்த்தால் பிளக்கே மாட்டவில்லை.

இனி எதையும் மறைக்க மாட்டேன், இது சத்தியம். இன்றே தொடங்குகிறேன். அடுத்து தயிர் உறையவைக்க ஒரு பெட்டி செய்கிறோம், நிலாவும் நானும். நேற்று வரை தயிர் உறையவில்லை. உறையுமா என்றும் தெரியாது. ஆனாலும் உன்னிடம், இத்தனை பேர் முன்னால், சொல்லிவிட்டேன்.

உன் மகளுக்குச் சித்தி,
சுதா