கர்ட் இருக்கிறானா என்று கேட்டு வந்த போன்கள்

ஹான்காக், மிச்சிகன்
மார்ச், ஞாயிறு மதியம்

அன்பு மகன் கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. அந்த அலாஸ்காக் குளிர்க்கடல் பக்கத்தில் நீ உடம்பு கெடாமல், விரல்கள் எல்லாம் பத்திரமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுத ஆசைதான், ஆனால் உன் அப்பா காலில் கட்டோடு கூடத்துக் கட்டிலில் கிடக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. தொடை எலும்பு முறிந்து ஆணி வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார், நடப்பதைவிட அதிகமாகத் திட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையின் உறையில் மீன் கம்பெனி முகவரி இருந்தது, அந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். போன் கிடைக்காத இடம் என்று அதில் எழுதியிருந்தாய். அந்த ஊரில் இருக்கும் ஆயிரம் பேரும் வீட்டுக்குப் போன் பண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நீ எழுதியதை நம்பியதாகவே வைத்துக்கொண்டேன். ஏன் பண்ணவில்லை என்பது இப்போது எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நவம்பர் கடைசியில், மான் வேட்டைக் காலம் முடிந்த வாரம் முதல் போன் வந்தது. கர்ட் இருக்காரா, நான் பிரஸ்டன், ஒரு சொந்த விஷயம், என்றான் ஒருவன், தேன் தடவின குரல். உன் சிநேகிதன் என்று நினைத்து, அவன் இங்கே இல்லையே தம்பி என்று நானும் இழைந்துதான் பேசினேன். மறுநாளும் பிரஸ்டன். அதற்கு மறுநாள் ஒரு பெண், பிறகு இன்னொருவன், பிறகு மறுபடி பிரஸ்டன், இந்தத் தடவை தேன் எல்லாம் வடிந்துபோயிருந்தது. “அம்மா, உங்க பையன் நல்லதுக்குத்தான் சொல்றேன். விஷயம் கையை மீறிப் போயிட்டிருக்கு. நாளைக்கு ஆபீசர் யாராவது வந்து வாசல்ல நின்னா அசிங்கம் உங்களுக்குத்தானே?” என்றான். என்ன விஷயம் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். எதிர்வீட்டு சோர்வாலா வீட்டுக்கும் போன் போயிருக்கிறது. அந்தம்மா சர்ச்சில் காப்பி குடிக்கும்போது என் காதருகே வந்து, கர்ட்டுக்கு ஏதாவது தொந்தரவா மார்லீன் என்று கேட்டாள். அவள் கேட்டது அக்கறையாகத்தான், ஆனால் அவள் கண் அடுத்த மேசைக்குப் போய்வந்தது. ஒரு தடவை அப்பாவே போனை எடுத்துவிட்டார். என் மகன் என்ன பண்ணினான், நேராச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். “அதை நான் சொல்லக் கூடாது சார், ஆனா சின்ன விஷயம்னு மட்டும் நினைச்சிராதீங்க” என்றானாம். உன் அப்பாவை உனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டதை அவர் தானாகவே நிரப்பிக்கொள்வார், அதுவும் இருப்பதிலேயே மோசமானதைக் கொண்டு. காசினோவில் விட்டிருப்பான், இல்லையென்றால் யாரையோ ஏமாற்றிவிட்டுத்தான் அலாஸ்காவுக்கு ஓடியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அதன்பின் அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. அவன் என்றுதான் சொல்வார், அதுவும் கட்டாயம் வந்தால். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிப்போம், போன் அடிக்கும், இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்போம், அது அடித்து ஓயும்.

அப்படித்தான் எனக்குப் போனை எடுக்காத பழக்கம் வந்தது. தெரிந்த எண் திரையில் தெரிந்தால் மட்டும் எடுப்பது, மற்றதை அடிக்க விடுவது, தொடர்ந்து அடித்தால் எடுத்து உடனே வைத்துவிடுவது. பல் டாக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டதைக்கூட விட்டிருக்கிறேன். எனக்கு அது தைரியம் மாதிரி இருந்தது. பிப்ரவரி கடைசியில் அப்பா உறைந்துகிடந்த ஆட்டர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். வெயில் அடித்த நாள், மேலே உருகி ஒரு விரல் தண்ணீர், கீழே கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. வண்டியிலிருந்து சாமான் வைத்த சறுக்குப் பலகையை இழுக்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். கைபேசி வண்டி இருக்கையில் கிடந்தது. இங்கே வீட்டில் போன் அடித்தது, தெரியாத எண், எடுத்து வைத்தேன். மறுபடி அடித்தது, மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை அடித்ததும் என் உடம்பெல்லாம் கொதித்துவிட்டது கர்ட். எடுத்து, எதிரே யார் என்றுகூடக் கேட்காமல், “வெக்கமா இல்ல உனக்கு? பெத்தவகிட்டயே வந்து பிள்ளையைக் காட்டிக்குடுன்னு கேக்கறியே, உன்னையும் ஒரு அம்மாதான் பெத்தாளா, இல்ல வானத்துலேர்ந்து விழுந்தியா?” என்று கத்தினேன். அந்தப் பக்கம் காற்று வீசும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஆண்குரல் நிதானமாகச் சொன்னது: “அம்மா, என் பேரு லையல். ஏரியில மீன் பிடிக்க வந்தவன். உங்க வீட்டுக்காரர் இங்க வழுக்கி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, நான் பக்கத்துலயேதான் இருக்கேன்.” நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அந்த மனிதர் கொஞ்சம் தயங்கி, “என்னைப் பெத்த அம்மா பாரகாவுல இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க” என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தன் மேல்கோட்டைக் கழற்றி அப்பாமேல் போர்த்திவிட்டு, சட்டையோடு பனிக்கட்டியில் மண்டியிட்டு இருந்தாராம். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த வீட்டு எண் ஒன்றுதான், அதைச் சொல்லிச் சொல்லி அவரைப் பண்ணச் சொல்லியிருக்கிறார். போன வாரம் ஏலக்காய் ரொட்டி இரண்டு சுட்டு எடுத்துக்கொண்டு லையல் வீட்டுக்குப் போய்வந்தேன். அந்த அம்மாவையும் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், ஓ, வானத்தைக் கேட்ட பொம்பளை நீதானா என்று கேட்டு மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

இனிமேல்தான் முக்கியமானது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது போனி அத்தை மார்க்கெட் நகரத்திலிருந்து வண்டியை நேரே அங்கே ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் வீட்டுப் போனை எடுக்காததால் பிரஸ்டன் கூட்டத்தார் என் கைபேசிக்கும் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அப்பா கட்டிலில், நான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். போன் அடித்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, யாரு அண்ணி என்று அத்தை கேட்டாள். சொன்னேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, “ஆமா, கர்ட் வீட்டு ஆள்தான், சொல்லு ராசா” என்றாள். பிரஸ்டன் வழக்கம்போல ஆரம்பித்தான். அத்தை ஒன்றும் தெரியாதவள்போல, அப்படியா, ஐயோ, அப்புறம், என்று கேட்டுக்கொண்டே போனாள். பிறகு, “நீ பேசறதைப் பாத்தா அவன் ஏதோ பேங்கைக் கொள்ளையடிச்சவன் மாதிரியில்ல இருக்கு” என்று ஒரு குத்துக் குத்தினாள். அவனுக்குச் சுருக்கென்றுவிட்டது போல. “கையை ஒடச்சிக்கிட்டு வந்து ஆபரேஷன் பண்ணிக்கத் தெரியுது, ஆஸ்பத்திரிக் காசைக் குடுக்கத் தெரியலையா? அதுவும் ஒருவகைத் திருட்டுத்தான்மா” என்றான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மணிக்கட்டா?” என்றார். “மணிக்கட்டுக்கா இவ்வளவும்?”

மரம் வெட்டப் போன இடத்தில் நீ மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. நம்ம வீட்டுல யாரும் யார்கிட்டயும் கையேந்தினதில்ல, உன் செலவு உன்னோடது, என்றார். நீ தலையாட்டிவிட்டு எழுந்து போனாய். பிரஸ்டன் போன் வந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “திருடன்னு நினைச்சிட்டேன் மார்லீன். ஒடஞ்ச கையோட போனவனை” என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தோன்றியது.

அன்று அந்தப் போனை வைப்பதற்குமுன் அத்தை அதை என்னிடம் நீட்டி, நீயே பேசு அண்ணி, கத்தாதே, விளக்கம் சொல்லாதே, நாலு வார்த்தை போதும் என்றாள். நான் அவனிடம், உங்கள் கம்பெனிப் பெயரும் முகவரியும் சொல்லுங்கள் என்றேன். அவன் வேறு எதையோ பேசினான். நான் அதையே மறுபடி கேட்டேன். சொன்னான். என் மகன் எங்கே இருக்கிறான் என்று நான் சொல்லப் போவதில்லை, இனி இந்த எண்ணுக்கும் வீட்டு எண்ணுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போன் வரக் கூடாது, வந்தால் மாநில அரசிடம் புகார் எழுதுவேன், அவன் கடனைப் பற்றி நீங்கள் எங்களிடம் சொன்னதையும் சேர்த்து எழுதுவேன் என்றேன். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டேன். அதையே கடிதமாகவும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடன் வசூல்காரர்கள் சட்டப்படி அடுத்தவர்களிடம் கடனைப் பற்றி வாயே திறக்கக் கூடாதாம், இருக்கிற இடத்தை ஒரு தடவை கேட்கலாமே தவிர இப்படிச் சும்மா சும்மா துளைக்கக் கூடாதாம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோதுதான் அத்தை சொன்னாள், மாமா இறந்தபின் இரண்டு குளிர்காலம் அவளும் கிரீன் பே ஊரில் இப்படிப்பட்ட ஒரு ஆபீசில் போன் பண்ணுகிற வேலை பார்த்தாளாம். நம்மிடம் ஏதோ கடையில் கணக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே அவளுக்கு வேறு பெயர்கூடக் கொடுத்திருந்தார்களாம். இந்தியானாவில் ஒரு கிழவி, அவள் மகனைத் தேடி இவள் கூப்பிடுவாள், அந்தக் கிழவி திட்டவே மாட்டாளாம். அவனைப் பத்திப் பேச வேற யாரு இருக்கா, நீ நாளைக்கும் பண்ணுவியா என்று கேட்டாளாம். “அன்னைக்கு மதியம் கோட்டை எடுத்து மாட்டிட்டு வந்தவதான் அண்ணி, சம்பளம் வாங்கக்கூடப் போகல” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ இதை அவளிடம் கேட்காதே.

இப்போது உனக்கு. அவர்கள் உன்னை அங்கே கண்டுபிடித்தாலும் பிடிக்கட்டும், நீ ஓடாதே, நடுங்காதே. ஆஸ்பத்திரிக் கடனுக்காக ஜெயிலில் போடுவேன் என்று எவனாவது சொன்னால் அது சுத்தப் புளுகு. போனில் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதே, பேங்க் எண்ணைக் கொடுக்காதே, இப்போதைக்கு ஐம்பது டாலராவது தா என்று இழுப்பான், மயங்காதே. எதற்காக, எவ்வளவு, யாருக்கு என்று எழுத்தில் அனுப்பு என்று மட்டும் சொல்லி வைத்துவிடு. திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். வீடு திரும்பும் நாள் அப்பா சக்கர நாற்காலியை நேரே ஆஸ்பத்திரிப் பணம் கட்டும் ஜன்னலுக்குத் தள்ளச் சொன்னார். என் மகன் கணக்கை நான் தீர்க்கிறேன் என்றார். ஜன்னலில் இருந்த பெண், அப்படி ஒருவர் பெயரில் கணக்கு இருக்கிறதா இல்லையா என்றுகூட உங்களிடம் சொல்லக் கூடாது ஐயா, அவர் வயது வந்தவர், அவரேதான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்பா முறைத்தார், அவள் அசையவில்லை. ஆனால் நல்ல பெண், வருமானம் குறைந்தவர்களுக்குத் தள்ளுபடி செய்ய ஒரு விண்ணப்பம் உண்டு, வசூலுக்குப் போனபிறகும் சிலசமயம் பார்ப்பார்கள், ஆனால் நோயாளிதான் கேட்கவேண்டும் என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அதை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். மீதி என்னவானாலும் பேசிக்கொள்வோம். அதைக் கையேந்துவது என்று இந்த வீட்டில் இனி யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னவரே என்னை இதை எழுதச் சொன்னார்.

வேறு செய்தி என்றால், பனி இன்னும் ஜன்னல் விளிம்பு வரை இருக்கிறது, சோர்வாலா பையன்தான் நம் கூரைப் பனியையும் தள்ளிவிட்டுப் போகிறான். உன் நாய்க்குக் காது புண் ஆறிவிட்டது. அப்பா கட்டிலில் அதற்கும் இடம் விட்டு ஒடுங்கிப் படுக்கிறார், கேட்டால் அது தானாக ஏறிக்கொண்டது என்கிறார். போன்கள் நின்றுவிட்டன. நின்றபின்தான் வீடு இவ்வளவு அமைதியானது என்று தெரிகிறது. அப்பா வீட்டுப் போனை இழுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஏதோ வெளியூர் எண்ணிலிருந்து அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எடுத்துவிட்டார். கூரைக்கு மழைத்தண்ணீர் வடியத் தகரக் கால்வாய் போடுகிறவன், வேலை கேட்டான். வேண்டாம் என்று சொன்னபிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் கேட்காமலே, கூரைக்காரன் என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரச் சாக்ஸோடு தூங்காதே. கடவுள் உன்னோடு அந்தக் கடலிலும் கரையிலும் இருக்கட்டும், நாங்கள் எங்கள் பங்குக்கு இங்கிருந்தே உன்னை வாழ்த்திக்கொண்டிருக்கிறோம். வீட்டு எண் மாறவில்லை, எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் பண்ணு. முதல் மணியிலேயே எடுத்தால் அது அப்பா. எடுத்தவுடன் அவருக்குப் பேச்சு வராது. வைத்துவிடாதே.

என்றும் உன் அம்மா,
மார்லீன் கோஸ்கெலா