நாள் விட்டு நாள் வராத பெண்

இன்று காலை என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை.' காய்ச்சலோடு என் பக்கத்திலேயே படுத்திருக்கிறான். அதை எனக்கே சொல்கிறது அந்த எந்திரம். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நீயாக இருந்தால் இந்நேரம் இரண்டு சாத்துக்குடியோடு வாசலில் நின்றிருப்பாய்.

சனத்நகர் பள்ளியில் நான் கணக்கு, நீ இந்தி. கணவரின் மென்பொருள் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிது எனக்கு. நீயோ செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். எந்தப் பிள்ளையாவது தொடர்ந்து வராவிட்டால் மாலையில் அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாய். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

பத்தாம் வகுப்புக் கவிதாவை நினைவிருக்கிறதா? ஒரு வாரம் திங்கள், புதன், வெள்ளி வரமாட்டாள்; அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. பதிவேட்டைப் புரட்டி இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவள் நான். எனக்கு ஒரே பெருமை. அம்மா தொழிற்சாலைக்குப் போகிறவள் என்பதால், மகளையும் முறைபோட்டு வேலைக்கு அனுப்புகிறாள் என்று நானே முடிவு கட்டித் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவளைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப முடியாது என்று கடிதம் தயாரானது.

"ஹவ், ஆமா, உன் கணக்கு சரிதான்," என்றாய். "போய்ப் பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? பதிவேடே சொல்லுதே."

"நக்கோம்மா, அப்படி இல்ல. அது வராத நாளைத்தான் சொல்லும். நாளைக்கு அவ வராத நாள்தானே? வா, போகலாம்."

மறுநாள் காலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். நான் சொன்னதுதான் சரி என்று உனக்குக் காட்டவே நான் வந்தேன்.

தெருக்குழாய் வரிசையில், பள்ளிச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள் கவிதா. காலடியில் நான்கு குடங்கள்.

"தண்ணி சீக்கிரம் வந்தா அப்படியே ஓடி வந்துரலாம்னு யூனிஃபார்ம் போட்டுக்குவேன் டீச்சர்," என்றாள். "ஆனா ஒன்பதுக்குத்தான் வருது. அதுக்குள்ள கேட் பூட்டிர்றாங்க."

அந்தத் தெருவுக்கு நாள் விட்டு நாள்தான் தண்ணீர். அம்மா ஏழு மணிக்கே ஷிஃப்டுக்குப் போய்விடுவாள். பிடித்து வைக்காவிட்டால் இரண்டு நாளைக்கு வீட்டில் குடிக்கவும் தண்ணீர் இருக்காது. அடுக்குமாடியில் குழாயைத் திருகியே பழகிய எனக்கு, ஊரில் இப்படி ஒரு கால அட்டவணை இருப்பதே தெரியாது. வெட்கமாக இருந்தது.

நீ கவிதாவிடம் எதையும் உபதேசிக்கவில்லை. முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தெலுங்கும் இந்தியுமாகப் பேச ஆரம்பித்தாய். அவள் மகனுக்குக் கணக்கு வராதாம். மாலையில் கவிதா அவனுக்குச் சொல்லித்தர வேண்டியது, காலையில் அந்த அம்மா கவிதாவின் குடங்களையும் பிடித்து வைக்க வேண்டியது என்று குழாயடியிலேயே பேசி முடித்துவிட்டாய். நடுவில் நீ ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி என்னதான் சொன்னாய்? கடைசிவரை எனக்குச் சொல்லவே இல்லை.

தலைமையாசிரியையிடம், "தண்ணிப் பிரச்சினை மேடம், சரியாயிடுச்சு," என்றதோடு நிறுத்திக்கொண்டாய். என் பெயரை எடுக்கவில்லை. கடிதம் கிழிபட்டது. அதன் பிறகு கவிதா ஒரு நாள்கூடத் தவறவில்லை, தேர்வும் எழுதினாள்.

உன் உடலை வழியனுப்பிய அன்று அவளும் வந்திருந்தாள். இப்போது மருத்துவமனையில் செவிலி. அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"மொதல்ல கவனிச்சது நீங்கதானாமே டீச்சர்? அவங்க சொன்னாங்க. 'உன்னை யாரும் கண்டுக்கலைன்னு நெனைக்காதே, கணக்கு டீச்சர் நீ வராத ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பாத்திருக்காங்க'ன்னு."

எண்ணியது உண்மைதான். எதற்காக எண்ணினேன் என்பதை மட்டும் நீ அவளிடம் சொல்லவில்லை. அன்று நானும் சொல்லவில்லை. அவள் நன்றி சொல்லச் சொல்ல, கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குச் சேர வேண்டிய அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.