தாணுலிங்கம் போட்ட கயிறு

கரமனை,
கொல்லம் ஆண்டு 1112, தை 9

சௌபாக்கியவதி பகவதிக்கு ஆசிகள். நான் சுகம். அம்மாவின் இருமல் நின்றதா?

ஞாயிறன்று ஆபீஸ் கிளப்பில் அம்பெய்யும் பந்தயம். வில்லை இழுக்கும்போதெல்லாம் நாண் சட்டைப்பையில் உரசியது. உள்ளே இருந்த உன் கடிதம் மொடமொடத்தது. நம் கிணற்றுக் கயிறு அறுந்ததும், உனக்கு முதலில் பேசியிருந்த முறைமாப்பிள்ளை தாணுலிங்கம் ஓடிவந்து புதுக்கயிறு போட்டதும், நீ காப்பி கொடுத்ததும் கண்முன் வந்தன. முதல் இரண்டு அம்புகளும் இலக்கைத் தாண்டிப் பின்னால் நின்ற வாழையில் தைத்தன.

"எந்தா பிள்ளைவாள், வாழைக்குலை வெட்டவா வந்தீரு?" என்று கூட வேலை பார்க்கும் அழகியநம்பி சிரித்தார்.

கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூச்சை மெல்ல விட்டு, இலக்கின் நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தை மட்டும் பார்த்தேன். மூன்றாவது அம்பு நட்டநடுவில் நின்றது. பரிசு வேறொருவருக்குப் போனது, வருத்தமில்லை.

அவனுக்குக் கொடுத்தது எனக்குப் போடும் சுக்குக் காப்பிதானா என்று நீ எழுதவில்லை.

இங்கே சோறு இறங்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பரணி அனுப்பு. தாணுலிங்கம் இந்தப் பக்கம் வந்தாலும் அவனிடம் கொடுக்காதே, பஸ்ஸில் போட்டுவிடு.

தபால்காரர் பெட்டியைத் திறக்க வந்துவிட்டார். தாணுலிங்கம் போட்ட கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி, சித்திரையில் நான் வந்து வேறு கயிறு போடுவேன்.

உன்
ஆறுமுகப்பெருமாள்