படித்துப் புரிந்துகொண்டேன்

10 பிப்ரவரி 2025, திங்கள்

காலை ஆறு பத்துக்கு பிரஷர் மாத்திரை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. சாக்கடைக் கட்டர் மூடி பற்றி வார்டு ஆபீசுக்கு மூன்றாவது மனு எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை, இதற்கும் வராது. அதற்காக எழுதாமல் விடப் போவதில்லை.

பிறகு மருமகள் பிரேமலதாவோடு செம்பூரில் ஆஸ்பத்திரி. கழுத்துக் கட்டிக்கு லிம்போமா என்று பெயர், நிணநீரில் வரும் புற்று என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை முதல் தடவை மருந்து. சலைனில் கலந்து நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். குறிப்பிட்ட செல்லைத் தேடிப் போய்ப் பிடிக்குமாம். இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு.

பிரேமலதா சீட்டு வரிசையில் நின்ற நேரத்தில் நஸீரா என்ற நர்சுப் பெண் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்தாள். பக்கத்துச் சீத்தா கேம்ப் பகுதிக்காரி, நம் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. இந்த மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியவை, பதினாறு பக்கம், இங்கிலீஷ். இந்தியிலும் மராத்தியிலும் உண்டாம், தமிழில் இல்லை. அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

“நான் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுதேன் தாத்தா. பத்து நிமிசந்தான்.”

“எனக்கா? தாராவியில பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுத்தவன் நான். நீ எனக்கு வாசிக்கியா?”

“சரி, கோவிக்காதிய. வாசிச்சுட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பக்கங்களைப் புரட்டினேன். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் தன் தாளில் ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

13 பிப்ரவரி, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

மாத்திரை போட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, எட்டரைக்கு அங்கே இருந்தேன். பத்து மணிக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. அரை மணி கழித்துத் தொண்டையில் ஒரு அரிப்பு. சொல்லவில்லை. இதற்கெல்லாம் நர்சைக் கூப்பிடுவதா? பிறகு குளிர். பல் கிட்டிக்கொண்டது. கண் இருண்டது. பிரஷர் எழுபதுக்குக் கீழே என்று யாரோ சொல்வது கேட்டது. நஸீரா மருந்தை நிறுத்தி, என் கால்களை உயர்த்தி வைத்து, டாக்டரை வரவழைத்தாள். சாயங்காலம்வரை ஆயிற்று, மீதி மருந்து சொட்டுச் சொட்டாக ஏற.

டாக்டர் கேட்டார், காலையில் பிரஷர் மாத்திரை போட்டீர்களா, போட வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களே என்று.

“எனக்கு யாரும் சொல்லல” என்றேன்.

நஸீரா என்னைப் பார்த்தாள். பிறகு சலைன் குழாயைச் சரிசெய்யத் திரும்பினாள்.

யாரும் சொல்லவில்லை. அது உண்மைதானே.

15 பிப்ரவரி, சனி

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார், இரண்டு பக்கம். நான் தமிழில் சொல்லச் சொல்ல பிரேமலதா இந்தியில் எழுதினாள். நர்ஸ் நஸீரா எனக்கு எந்த எச்சரிக்கையும் வாசித்துக் காட்டாததால் என் உயிர் போகப் பார்த்தது என்று முடித்தேன். நல்ல முடிவு.

எழுதும்போது ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினாள். “அந்தப் பிள்ள ஒண்ணுமே சொல்லலையா மாமா?”

“இல்ல. எழுது.”

20 பிப்ரவரி, வியாழன்

புகாருக்குப் பதில் இல்லை. இரண்டாவது புகாருக்கு ஆதாரம் திரட்டலாம் என்று அந்தப் புத்தகத்தையும் இங்கிலீஷ்-தமிழ் அகராதியையும் எடுத்து உட்கார்ந்தேன். அவர்கள் எதையெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகத் தேடி, பென்சிலால் அர்த்தம் எழுதி, மூன்று பக்கம் தாண்ட ஒரு மணி நேரம்.

ஐந்தாம் பக்கம். கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இந்த மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம். நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரானால் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே நிறுத்த வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் கீழே — தொண்டை அரிப்பு, குளிர், மூச்சு முட்டல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அவள் வாசித்துச் சொல்ல வந்தது இதைத்தான். பத்து நிமிடம் கேட்டாள்.

21 பிப்ரவரி, வெள்ளி

புத்தகத்தைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். இரண்டாவது புகார் எழுதவில்லை.

5 மார்ச், புதன்

இரண்டாம் முறை. மாத்திரை போடாமல் போனேன். ஒரு தொந்தரவும் இல்லை. மருந்து முழுதும் ஏறியும் ஒரு சின்னக் குளிர்கூட இல்லை. அதுவே குத்தியது.

நஸீரா இல்லை, வேறு பெண். நாசரேத்துக்காரி தலைமை நர்ஸ் விஜயராணியிடம், அவள் லீவா என்று கேட்டேன்.

“நல்லாக் கேட்டிய போங்க. எல்லாம் உங்க கடுதாசிதான் அண்ணாச்சி. காண்ட்ராக்ட் பிள்ளை. வாசிச்சுச் சொல்லாமலே டிக் போட்டுருக்கான்னு வேலைய நிப்பாட்டி வச்சிருக்காவ. பதினெட்டாம் தேதி விசாரணை. உங்களையும் கூப்பிடுவாவ.”

தலையை ஆட்டினேன். ஊசி ஏறிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

பெட்டிக்கு அடியைப் பெருக்கும்போது பிரேமலதா புத்தகத்தை எடுத்துவிட்டாள். நான் பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்த ஐந்தாம் பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“இத அந்த நர்சுப் பிள்ள எப்ப குடுத்தா மாமா?”

“மொத நாளே.”

“அப்ப குடுத்திருக்கா.”

“குடுத்தா. வாசிச்சுச் சொல்லல.”

“சொல்ல வந்தாளா?”

புத்தகத்துக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“மாமா, சொல்ல வந்தாளா இல்லையா?”

“உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ.”

“அந்தப் புகார்ல இருக்கது என் கையெழுத்து மாமா” என்றாள். சத்தம் போடவில்லை. புத்தகத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மத்தியானம் சோறு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

11 மார்ச், செவ்வாய்

எழுபத்து மூன்று வயது. புற்று இருக்கிறது என்று தாராவி தொண்ணூறடி ரோட்டில் டீக்கடை நடுவில் நின்று சொல்ல முடிகிறது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. என்ன மனுசன்டா நீ?

தமிழைத் தோல் பட்டறையில் பேப்பர் பார்த்து நானே கற்றேன். பிறகு ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கக்கத்தில் வைத்து நடக்க ஆரம்பித்தேன். எல்லாரும் நம்பினார்கள். முப்பது வருடம். யாரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா, வீட்டில் எத்தனை பேர், அதுகூடத் தெரியாது எனக்கு. கேட்டதே இல்லை.

18 மார்ச், செவ்வாய்

போனேன். பிரேமலதாவும் கூட வந்தாள், பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நஸீரா ஓரத்தில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி. அவர்கள் இந்தியில் கேட்டார்கள். என் இந்தி பேரம் பேச மட்டுமே ஆகும். தமிழில் சொன்னேன், விஜயராணி இந்தியில் சொன்னாள்.

“இந்தப் பிள்ள வாசிச்சுச் சொல்ல வந்தா. நான்தான் விடல. ஏசி அனுப்பிட்டேன்.”

ஏன் என்று கேட்டார்கள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு காட்டிக்கிட்டேன். தெரியாது.”

விஜயராணி கடைசிச் சொல்லை விட்டுவிடப் பார்த்தாள். “அதையும் சொல்லு” என்றேன். சொன்னாள். ஒருவர் எழுதிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டாவது அந்த இடத்தைக் கடந்திருப்பேன்.

பிறகு வராந்தாவில் நஸீராவிடம் போனேன். மன்னிச்சிரும்மா என்றேன். இந்த வார்த்தையை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று நினைவில்லை.

“நீங்க புரட்டுன வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சிட்டு தாத்தா. எங்க வாப்பாவும் அப்படித்தான் புரட்டுவாவ. நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்த வேண்டாம்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. செத்திருப்பிய.”

அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் டிக் போட்டாள். நான் புகார் எழுதிய பிறகும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று நடந்துவிட்டாள்.

26 மார்ச், புதன்

மூன்றாம் முறை. நஸீரா திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டாளாம். வாசித்துச் சொல்லாமல் டிக் போட்டதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அது அவள் ஃபைலில் நிற்கும். அதை எடுக்கச் சொல்லி யாருக்கு மனு எழுதுவது என்று கேட்டேன். “நீங்க இனி ஒண்ணும் எழுத வேண்டாம்” என்றாள் விஜயராணி.

ஜன்னல் பக்கத்து நாற்காலிகளை நஸீராதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்காரட்டுமா, எனக்கு அந்தப் பிள்ளைமேல் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றேன்.

“அவளுக்கு இருக்கு அண்ணாச்சி.”

கடைசி நாற்காலியைக் காட்டினாள். கக்கூஸ் கதவுக்குப் பக்கம், ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடம். போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.