கரைக்குக் கீழே வயல் மட்டும்

12.10.98, திங்கள்

நல்ல வெயில். மழைக்கு முன் பார்க்க வேண்டிய ஏரிகளில் கடைசி, படாளம் பக்கம் சித்தேரி. வெறும் மண் கரை. ஜீப் பாதி வரை, மீதி நடை. எலி வளைகள். மதகு ஓரம் லேசான ஈரம். செருப்பு வார் அறுந்தது.

டிரைவர் ரஃபீக் கரைக்குக் கீழே கை காட்டினார். "அதோ, நீல பெயின்ட்டு. நம்ம வூடு சார். புச்சா கட்டி வந்துட்டோம். பக்கத்துல இன்னும் ஏழெட்டு வூடு கீது." ம்ம் என்றேன். கண் எலி வளையில்.

மதியம் அந்த வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் வந்தது. அவர் மனைவி நஸீமா சமையல். கரை மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பிரமாதம். கேட்டு வாங்கி மறுசோறு.

ஆபீஸ் வந்து அறிக்கை. கரை உடைந்தால் கீழே பாதிப்பு என்ற இடத்தில்: வயல் மட்டும். போன வருட அறிக்கையைப் பார்த்து எழுதியது, எல்லோரும் அப்படித்தான். ஆக மூன்றாம் வகை.

வாங்க: செருப்பு, டார்ச் பேட்டரி, அம்மாவுக்குத் தைலம்.

4.11.98, புதன்

விடாத மழை. மணல் மூட்டை தட்டுப்பாடு. முதல் வகைக் கரைகளுக்குத்தான். மூன்றாம் வகைக்குக் கிடையாது. நாள் முழுக்க ரஃபீக்கோடு வேறு ஏரிகளில்.

டீக்கடையில் கேட்டார். "நம்ம சித்தேரி எப்டி சார்? வூட்ல பயந்துகினு புள்ளையத் தூக்கினு அவங்கம்மா வூட்டுக்குப் பூடுச்சு."

"அது மூணாவது வகை ரஃபீக்."

"அப்டின்னா?"

"ஆபத்து கம்மி."

வாய் பழக்கம். அவர் முகம் தெளிந்தது. என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

வீட்டில் மீன் குழம்பு. தட்டைப் பார்த்ததும் உறைத்தது. வகை, கரையின் பலத்தைப் பார்த்துப் போடுவதில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர் என்று பார்த்துப் போடுவது. கீழே ஆளே இல்லை என்று எழுதியவன் நான். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு. பாதியில் எழுந்துவிட்டேன்.

5.11.98, வியாழன்

மேலதிகாரியிடம் வகையை மாற்றக் கேட்டேன். "இப்ப மாத்தினா போன மாசம் இன்னாத்தய்யா பாத்தேன்னு கேப்பாங்க. மழை வுடட்டும்." தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட தலை.

வெளியே ரஃபீக், ஒரே உற்சாகம். "வூட்லயும் புள்ளையையும் கூட்டியாந்துட்டேன் சார். சாரே பாத்த கரை, இன்னா பயம்னேன்." சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோழை.

6.11.98, வெள்ளி

மழை பலம். சித்தேரியிலிருந்து ஆள் வந்தது: மதகு ஓரம் கசிவு, செம்மண் நிறத்தில். கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம்.

மேலதிகாரி அறையில், எல்லோர் முன்னிலையிலும், சத்தமாக: கீழே வீடுகள் இருக்கின்றன, பார்த்தும் எழுதவில்லை, தப்பு என்னுடையது. திட்டு. ஒரு லாரி மூட்டை கிடைத்தது.

ஜீப்பில் ரஃபீக்கிடமும் சொன்னேன், ஒன்று விடாமல். வண்டியை நிறுத்தவில்லை. கியரை மாற்றிக்கொண்டே, "அன்னிக்கு நாங்க அங்கதான சார் இருந்தோம்" என்றார்.

மூட்டை அடுக்குகிறார்கள். கரை இன்னும் நிற்கிறது. கீழே இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். நஸீமா கடைசியாக, இடுப்பில் குழந்தை, தலையில் பாத்திர மூட்டை. சொட்டச் சொட்ட ஜீப்பில் ஏறி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சாப்ட்டீங்களா சார்?"