சிவப்பு அம்பு ஒட்டிய பக்கம்

நேற்று உன் மகள் ஒரு ஷூ அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்ததும் பசை வாசனைதான் வந்தது. கம்பெனியில் தோல் ஒட்டுவோமே, அந்த சொல்யூஷன் வாசனை. உன்னை அடக்கம் பண்ணி நாற்பது நாள் ஆகியும் உன் நோட்டுகளை விட்டு அது போகவில்லை.

பதினொரு நோட்டுகள். நாம் இருவரும் கையால் எழுதிய வேதாகமத்தில் உன் பாதி. மூன்று நோட்டுகள் நிறைந்திருந்தன. நான்காவது நடுவில் நின்றுபோயிருந்தது. மற்ற ஏழும் வெறும் தாள். தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆம்பூரில் நம் ஷூ கம்பெனியில் நான் தையல், நீ செக்கிங். கையால் எழுதிய வேதாகமத்தை அறுப்பின் பண்டிகையில் படைக்கலாம் என்று போதகர் அறிவித்தபோது, எனக்கு அந்த நினைப்பே இல்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீதான் நோட்டோடு வந்து நின்றாய். "இன்னாடி யோசிக்கிற? ஆதியாகமத்துலர்ந்து யோபு வரைக்கும் நீ. சங்கீதத்துலர்ந்து கடைசி வரைக்கும் நான். டெய்லி ஒரு பக்கம் எழுதினா போதும்."

எண்ணாகமத்தில் நான் படுத்துவிட்டேன். கோத்திரம் கோத்திரமாகப் பேர்களும் எண்ணிக்கையும். பேஜாராக இருக்கிறது, என்னால் ஆகாது என்று நோட்டை மூடிவைத்தேன். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. பாக்கெட்டிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, நான் நிறுத்திய வரியில் ஒட்டினாய். தையல் பிசகிய பீஸில் நீ ஒட்டுவாயே, அதே ஸ்டிக்கர். அம்பு ஒட்டிய பீஸ் எந்த மிஷினில் தைத்ததோ அங்கேயே திரும்பி வரும். சரிபண்ணிய பிறகு செக்கிங்தான் அம்பைப் பிரிக்க வேண்டும். தைத்தவள் கைவைக்கக் கூடாது.

"அம்பு இருக்கிற பீஸு பெட்டிக்குள்ள போகாது. நீ எழுது, நான் பிரிக்கிறேன்" என்றாய். எழுதினேன். சொன்னபடியே பிரித்தாய்.

போன வருஷம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கர்த்தரோட கிருபையில என் பங்கு முடிஞ்சிடுச்சு. இவளுக்காகத்தான் காத்துனு இருக்கேன்" என்று என் பக்கம் கைகாட்டினாய். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு எழுதினேன். நீ படுக்கையில் விழுவதற்குப் பதினைந்து நாள் முன்பு யோபுவை முடித்து உன் மடியில் வைத்தேன். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நான் உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நான் ஒரு பைத்தியக்காரி.

நோட்டைக் காட்டி உன் மகளிடம் கேட்டேன். அவள் தலை குனிந்தாள். "அம்மாக்குக் கை நடுக்கம் வந்து மூணு வருஷமாச்சு ஆன்ட்டி. பேனாவே நிக்காது. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. அம்மா நிறுத்திடுச்சுன்னு தெரிஞ்சா நீங்களும் நிறுத்திடுவீங்களாம்."

மூன்று வருஷம். ஒரே பஸ், ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ் ஊறுகாய். சாப்பிடும்போது நீ ஏன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூன் கேட்டாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. சபைக்குச் சொன்ன பொய்யைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். எனக்குச் சொன்னதற்கு யார் பதில் சொல்வது? "என் கை போச்சுடி, நீ எழுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பாதியையும் எழுதியிருக்க மாட்டேனா? நான் பாதியில் விடுகிறவள் என்றுதான் கடைசி வரை நினைத்திருக்கிறாய். எண்ணாகமத்தில் ஒருமுறை விட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

இரவு முழுக்கக் கோபம். காலையில் நான்காவது நோட்டை மறுபடி எடுத்தேன். எரேமியாவின் நடுவில், எழுத்து கோணிக் கோடு தாண்டி ஓடும் இடத்தில், கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. உன் பிசகை நீயே பிடித்து ஒட்டிவைத்திருக்கிறாய். எப்போது ஒட்டினாய் என்று தெரியவில்லை. ஓரம் லேசாக வெளுத்திருக்கிறது.

அதன் கீழே எழுத ஆரம்பித்துவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு வசனத்துக்கும் உன்னைத் திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜெபத்தில்கூட உன் பேரைச் சொல்லும்போது பல்லைக் கடிக்கிறேன். ஆனால் நிறுத்த மாட்டேன். கடைசி வசனம் வரை எழுதி, பண்டிகையில் கொண்டுபோய் வைப்பேன்.

அம்பை மட்டும் பிரிக்க மாட்டேன். அது தைத்தவள் வேலை இல்லை. நீதானே வந்து பிரிக்க வேண்டும்.